ஏழு சீசன் ஆடிவிட்டுக் கிளம்பியவர்கள்

2010 ஜூலையில் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சியின் எஸ்பி விளையாட்டு விருது விழாவில் ஒரு கிண்டல் காட்சி போட்டார்கள். நடிகர் ஸ்டீவ் கரெல் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிற மாதிரி ஒரு பில்டப். விஷயம் என்னவென்றால், ராத்திரி சாப்பாட்டுக்கு எந்த உணவகத்துக்குப் போவது என்று அவர் முடிவெடுத்துவிட்டாராம், அதை அறிவிக்கப் போகிறாராம்.

யாரைச் சீண்டுகிறார்கள் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. ஜூலை 8ஆம் தேதி இரவு, கூடைப்பந்து வீரர் லெப்ரான் ஜேம்ஸ் இதேபோல ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, கிளீவ்லாந்து கேவலியர்ஸ் அணியை விட்டு மயாமி ஹீட் அணிக்குப் போவதாக நேரலையில் அறிவித்திருந்தார். அந்த ஒரு அறிவிப்புக்காகவே 'தி டிசிஷன்' என்று பெயர் வைத்து 75 நிமிட நிகழ்ச்சி.

வேடிக்கை என்னவென்றால், கிண்டல் செய்தவரும் அப்போது கிளம்புகிற ஆள்தான். 'தி ஆபீஸ்' நகைச்சுவைத் தொடரின் ஏழாவது சீசனோடு விலகிவிடுவதாகக் கரெல் அந்த ஆண்டே சொல்லியிருந்தார். லெப்ரான் முதல் தடவை கிளீவ்லாந்தில் இருந்தபோது ஆடியதும் ஏழு சீசன். இருவருமே ஒப்பந்தத்தை முழுசாக முடித்துக்கொடுத்துவிட்டுத்தான் போனார்கள். ஒருவருக்குக் கண்ணீரோடு வழியனுப்பு விழா, இன்னொருவருக்குத் தெருவில் ஜெர்சி எரிப்பு. ஒரு சிட்காமையும் ஒரு விளையாட்டு வீரரையும் ஒரே தராசில் வைப்பது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் நடு ஆள் எழுந்து போனால் மற்றவர்களுக்கு என்ன ஆகிறது என்று பார்க்க இதைவிட நல்ல ஜோடி எனக்குக் கிடைக்கவில்லை.

முதலில் லெப்ரான் கதை. அவர் ஓஹியோ மாநிலத்தின் ஏக்ரன் நகரத்துக்காரர். கிளீவ்லாந்து அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான கார் பயணம். 2003இல் பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு, 18 வயதில் நேராக அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வுக்குள் வந்தார். கிளீவ்லாந்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, அதுதான் அவரைத் தேர்ந்தெடுத்தது. புதிதாக வரும் வீரர்களை அணிகள் வரிசையாக எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் முறையில், முந்தைய சீசனில் மோசமாக ஆடிய அணிகளுக்குக் குலுக்கலில் வாய்ப்பு அதிகம். கேவலியர்ஸ் அதற்கு முந்தைய சீசனில் 17 ஆட்டம் ஜெயித்து 65 தோற்றிருந்தது. குலுக்கலில் முதல் இடம் விழுந்தது, பக்கத்து ஊர்ப் பையன் கிடைத்தான். கிளீவ்லாந்து அதைத் தெய்வ சங்கல்பமாகவே எடுத்துக்கொண்டது. அந்த நகரத்தின் எந்தப் பெரிய அணியும் 1964க்குப் பிறகு கோப்பையைத் தொட்டிருக்கவில்லை.

ஆக, முதன்முதலாக இங்கே வேலை செய்ய விருப்பமா என்று யாராவது லெப்ரானைக் கேட்டார்கள் என்றால், அது 2010 கோடையில்தான். அதுவும் சும்மா கிடைத்த உரிமை இல்லை. ஒரு காலத்தில் வீரரின் ஒப்பந்தம் முடிந்தாலும் அணியின் பிடி விடாது. 1970இல் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் வீரர்கள் சங்கம் வழக்குப் போட்டது, 1976இல் சமரசமானது. அப்புறமும் பழைய அணி, இன்னொரு அணி தரும் அதே தொகையைத் தானும் தந்து ஆளைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனை மிச்சமிருந்தது. எந்த நிபந்தனையும் இல்லாமல், ஒப்பந்தம் முடிந்ததும் தன் இஷ்டத்துக்கு வேறு அணிக்குப் போன முதல் ஆள் டாம் சேம்பர்ஸ். ஆண்டு 1988, சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்கு. அதாவது லெப்ரான் பயன்படுத்திய சுதந்திரத்துக்கு அவரைவிட வயது குறைவு.

நடிகர்கள் பக்கம் பார்த்தாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடுமா, கவிழுமா என்றே தெரியாதபோது, முதல் எபிசோடு எடுக்கும் முன்பே பல ஆண்டுகளுக்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 'தி ஆபீஸ்' 2005 மார்ச்சில் தொடங்கியபோது கரெல் பெரிய நட்சத்திரம் இல்லை. முதல் சீசன் வெறும் ஆறு எபிசோடு. பிரிட்டனில் ரிக்கி ஜெர்வைஸும் ஸ்டீபன் மெர்ச்சண்டும் 2001இல் எடுத்த மூலத் தொடரோடு ஒப்பிட்டு, இது தேறாது என்றுதான் பலரும் நினைத்தார்கள். அடுத்த ஆண்டே சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது வந்தது. கரெலுக்கு ஒரு கோல்டன் குளோப் கிடைத்தது. எம்மி அந்தப் பாத்திரத்துக்குக் கடைசி வரை கிடைக்கவே இல்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கு எரிச்சல்தான்.

சரி, 2010 ஜூலை 8க்கு வருவோம். இடம் கனெக்டிகட் மாநிலம் கிரீனிச்சில் உள்ள பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ் கிளப். பின்னால் சிறுவர் சிறுமியர் உட்கார்ந்திருக்கிறார்கள். லெப்ரான் கட்டம் போட்ட சட்டையில். எதிரே பேட்டி எடுப்பவர் ஜிம் கிரே. நிகழ்ச்சி தொடங்கி ஏறக்குறைய அரை மணி நேரம் வரைக்கும் பதில் வரவில்லை. இன்னும் நகம் கடிக்கிற பழக்கம் இருக்கிறதா என்றுகூட ஒரு கேள்வி வந்தது. ஒரு நகரமே தொலைக்காட்சி முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கேட்ட கேள்வி அது. கடைசியில் தன் திறமையை மயாமியின் சவுத் பீச்சுக்கு எடுத்துச் செல்வதாக லெப்ரான் சொன்னார். ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். நிகழ்ச்சியின் வருமானத்தில் பல லட்சம் டாலர் அந்தச் சிறுவர் அமைப்புக்குப் போனது. அந்த நல்ல காரியம் யார் நினைவிலும் நிற்கவில்லை.

கிளீவ்லாந்து அணிக்கு முறையான தகவல் நிகழ்ச்சிக்குச் சில நிமிடங்கள் முன்புதான் போனதாக அப்போதே செய்திகள் வந்தன. அன்றிரவே அணியின் உரிமையாளர் டான் கில்பர்ட் ஒரு திறந்த கடிதம் எழுதினார். துரோகம் என்கிற தொனி. தன்னைத்தானே ராஜா என்று சொல்லிக்கொண்டவர் ஒரு கோப்பை ஜெயிக்கும் முன் கிளீவ்லாந்து ஜெயிக்கும் என்று சபதம். அத்தனை கோபத்தையும் காமிக் சான்ஸ் எழுத்துருவில் அடித்திருந்தார். பிறந்தநாள் அழைப்பிதழுக்கு ஏற்ற எழுத்தில் சாபம் விட்டால் எப்படி இருக்கும்? என்.பி.ஏ. அவருக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம் போட்டது. நகரின் நடுவில் ஒரு கட்டடத்தையே மூடியிருந்த லெப்ரானின் பிரம்மாண்டமான விளம்பரத் தட்டியை அடுத்தடுத்த நாட்களில் கிழித்து இறக்கினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அணி மாறியதற்கு அத்தனை கோபம் வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பணத்துக்காகப் போனார் என்றும் சொல்ல முடியாது. அன்றைய விதிப்படி சொந்த அணியால்தான் அதிகச் சம்பளமும் ஓர் ஆண்டு கூடுதல் ஒப்பந்தமும் தர முடியும். மயாமியில் டுவெய்ன் வேட், கிறிஸ் போஷ், லெப்ரான் மூவரும் அதிகபட்சத்தைவிடக் குறைத்துக்கொண்டுதான் சேர்ந்தார்கள். கடைசி நேரத்தில் கிளீவ்லாந்தே ஒப்பந்தம் போட்டு மயாமிக்கு மாற்றிவிடும் ஏற்பாட்டில் கேவலியர்ஸுக்குச் சில டிராஃப்ட் வாய்ப்புகளும் கிடைத்தன. கணக்குப்படி பார்த்தால் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எரிந்தது வேறு இடத்தில். வீட்டுக்குள் தனியாக உட்கார வைத்துச் சொல்ல வேண்டியதை ஊரைக் கூட்டி மேடை போட்டுச் சொன்னது. அதுவும், யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களையே பார்வையாளராக உட்கார வைத்துவிட்டு.

அப்புறம் வந்தது சரிவு. 2009-10 சீசனில் 61 ஆட்டம் ஜெயித்து 21 தோற்ற அணி, லெப்ரான் போன அடுத்த சீசனில் 19 ஜெயித்து 63 தோற்றது. நடுவே தொடர்ச்சியாக 26 தோல்வி. 2011 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸிடம் 112-57 என்று தோற்ற இரவைப் பார்த்தவர்களுக்கு அது கூடைப்பந்தாகவே தெரிந்திருக்காது. இரண்டு மடங்குக்கு இரண்டு புள்ளிதான் குறைச்சல்.

ஒரே ஒருவர் போனதற்கு 42 வெற்றி குறையுமா? நேர்மையாகச் சொன்னால் போனது அவர் மட்டும் இல்லை. பயிற்சியாளர் மைக் பிரவுனை மே மாதமே அனுப்பிவிட்டார்கள். பொது மேலாளர் டேனி ஃபெர்ரி ஜூனில் விலகினார். ஷாகில் ஓ'நீல் பாஸ்டனுக்குப் போனார். பல ஆண்டுகள் அங்கேயே ஆடிய இல்கௌஸ்கஸ் லெப்ரான் பின்னாலேயே மயாமிக்குக் கிளம்பினார். இருந்தாலும் பெரிய காரணம் அணியைக் கட்டிய விதத்தில் இருக்கிறது.

லெப்ரான் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே பாய்வார். இரண்டு மூன்று தடுப்பாளர்கள் அவர் மேல் வந்து விழுவார்கள். அந்த நொடியில் ஓரத்தில் யாரும் கவனிக்காமல் நிற்கிற ஒருவருக்குப் பந்து போகும். அவர் நிதானமாகக் குறி பார்த்துப் போடலாம். இதற்கேற்ற ஆட்களாகத்தான் கிளீவ்லாந்து ஆண்டுக்கணக்கில் பொறுக்கிச் சேர்த்தது: தூரத்திலிருந்து போடுகிறவர்கள், தடுப்பவர்கள், தவறிய பந்தை மறுபடி பிடிப்பவர்கள். எல்லோரும் கெட்டிக்காரர்கள்தான். பாய்கிறவர் இல்லாமல் போனதும், ஓரத்தில் நின்றவரை ஒரு தடுப்பாளர் ஒட்டிக்கொண்டே நின்றார். போன வருஷம் சும்மா கிடைத்த பந்து இந்த வருஷம் கிடைக்கவில்லை. ஆட்களின் திறமை அப்படியே இருந்தது, அதற்குப் பயன் இல்லாமல் போனது.

பணத்தை வைத்தும் ஓட்டையை அடைக்க முடியவில்லை. என்.பி.ஏ.வில் ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2010-11க்கு அது சுமார் 5.8 கோடி டாலர். ஆனால் தன் சொந்த வீரரைத் தக்கவைத்துக்கொள்ள அணி அந்த வரம்பைத் தாண்டலாம். பழைய வீரர் லாரி பேர்டு பெயரில் அழைக்கப்படுகிற சலுகை இது. லெப்ரான் இருக்க வேண்டுமானால் அணியின் வரம்பைப் பற்றிக் கவலைப்படாமல், ஒரு வீரருக்கான அதிகபட்சம் வரைக்கும் கொடுக்கலாம். அவர் போய்விட்டால், அவருக்கு ஒதுக்கிய அதே தொகையை எடுத்து வெளியிலிருந்து வேறொருவரை வாங்க முடியாது. மற்றவர்களின் ஒப்பந்தங்களே வரம்பின் பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருந்தன. மாதச் சம்பளக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், வேலையை விட்டவரின் சம்பளத்தையும் சேர்த்து மேலிடம் எடுத்துக்கொண்டுவிட்டு, இருக்கிறவர்களை வைத்தே ஓட்டுங்கள் என்று சொல்வது மாதிரி.

இதே ஓட்டையைச் சிட்காமில் பார்ப்போம். பென்சில்வேனியா மாநிலம் ஸ்க்ரான்டனில் டண்டர் மிஃப்லின் என்ற காகித விற்பனை நிறுவனம், அதன் கிளை மேனேஜர் மைக்கேல் ஸ்காட்டாகக் கரெல். ஏதோ ஆவணப்படக் குழு எந்நேரமும் படமெடுத்துக்கொண்டே இருக்கிறது என்பது ஏற்பாடு. மைக்கேலுக்கு எல்லோரும் தன்னை நேசிக்க வேண்டும். அதற்காக அவர் செய்கிற ஒவ்வொன்றும் எல்லோரையும் நெளிய வைக்கும்.

முதல் சீசனிலேயே ஒரு கூடைப்பந்து எபிசோடு உண்டு. ஆபீஸ்காரர்களுக்கும் கீழே கிடங்கில் வேலை செய்பவர்களுக்கும் போட்டி. தோற்றவர்கள் சனிக்கிழமை வேலைக்கு வர வேண்டும். கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காக ஸ்டான்லி பிரமாதமாக ஆடுவார் என்று மைக்கேல் அவரை முதல் ஆளாக எடுப்பார். ஸ்டான்லிக்குப் பந்தைத் தரையில் தட்டக்கூடத் தெரியாது. ஆடுகிறேன் என்று வரும் குண்டான கெவினைத் தள்ளி வைத்துவிடுவார். ஆட்டத்தின் நடுவில் கை தவறி முகத்தில் ஒரு அடி பட்டதும், தன் அணி முன்னணியில் இருக்கிற தைரியத்தில் ஆட்டத்தை நிறுத்தி, நாங்கள்தான் ஜெயித்தோம் என்பார். கிடங்குக்காரர்கள் முறைத்ததும் பேச்சை மாற்றிக்கொள்வார். எல்லோரும் போன பிறகு கெவின் தனியாக நின்று ஒன்று விடாமல் வளையத்துக்குள் போட்டுக்கொண்டிருப்பார். மைக்கேல் எப்படிப்பட்ட மேனேஜர் என்பதற்கு அந்தக் கடைசிக் காட்சி போதும்.

இப்படிப்பட்டவர் போனால் ஆபீஸுக்கு நல்லதுதானே? நிஜ ஆபீஸாக இருந்தால் நிச்சயம் நல்லதுதான். தொடருக்கு இல்லை. 'தி ஆபீஸ்' பார்த்தவர்களுக்கு, மைக்கேலின் கீழே வேலை செய்யும் ஜிம் கேமராவைத் திரும்பிப் பார்க்கும் பார்வை நினைவிருக்கும். அந்தத் தொடரின் பாதி சிரிப்பு அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பார்வை ஒரு பதில். மைக்கேல் ஏதாவது உளறினால்தான் அதற்கு வேலை. பாம் சங்கடமாகச் சிரிப்பதும், ஆஸ்கர் பெருமூச்சு விடுவதும், ஸ்டான்லி குறுக்கெழுத்துப் புதிரிலிருந்து தலை நிமிராமல் இருப்பதும், டுவைட்டின் கண்மூடித்தனமான விசுவாசமும் எல்லாமே ஒருவரை நோக்கி வளைந்து வளர்ந்தவை. ஓரத்தில் நின்று பந்துக்குக் காத்திருந்த கிளீவ்லாந்து வீரர்களின் நிலைதான் இவர்களுக்கும். போனவர் எவ்வளவு பெரியவர் என்பது முன்பே தெரியும். மீதிப் பேர் அவரை ஒட்டி எவ்வளவு வளைந்திருந்தார்கள் என்பது அவர் போனால்தான் தெரிகிறது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்திலும் இது நடந்தது. எதற்கெடுத்தாலும் சத்தம் போடும் ஒரு சீனியர் இருந்தார். அவர் வேலையை விட்டபோது எல்லோருக்கும் நிம்மதி. இரண்டாவது வாரம் மதியச் சாப்பாட்டின்போது பேச்சே எழவில்லை. இத்தனை நாள் நாங்கள் பேசியதெல்லாம் அவரைப் பற்றித்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

மைக்கேல் விடைபெறும் எபிசோடு 2011 ஏப்ரல் 28 அன்று வந்தது. காதலி ஹாலியின் வயதான பெற்றோர் கொலராடோவில் இருப்பதால் அங்கே குடிபெயர்கிறார். மறுநாள்தான் கடைசி நாள் என்று எல்லோரையும் நம்ப வைத்துவிட்டு, ஒரு நாள் முன்பே சத்தம் போடாமல் கிளம்பிவிடுவது அவர் திட்டம். ஒரு சின்னத் தும்மல் வந்தாலும் கேமராவைத் தேடுகிற ஆள் இப்படி ஒரு முடிவு எடுப்பார் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு மேசையாகப் போய், போகிறேன் என்று சொல்லாமலேயே ஒவ்வொருவரிடமும் விடைபெறுகிறார். ஆஸ்கருக்குத் தானே செய்ததாக ஒரு அவலட்சணமான பொம்மையைத் தருகிறார். ஆஸ்கர் மரியாதைக்கு வாங்கிக்கொள்ள, தன்னைப் பற்றி இவ்வளவு மட்டமாகவா நினைக்கிறான் என்று மைக்கேல் தனியே போய்ச் சிரிக்கிறார். டுவைட்டுக்கு மனமுருக ஒரு பரிந்துரைக் கடிதம். பிறகு இருவரும் கட்டடத்துக்குப் பின்னால் பெயின்ட் துப்பாக்கியோடு ஓடிப்பிடித்துச் சண்டை. ஜிம் மட்டும் விஷயத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனாலும் இருவரும், நாளைக்கு மதியம் சாப்பிடும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று பொய்யாகவே பேசி முடிக்கிறார்கள். நாளை மதியம் என்று ஒன்று கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். இவ்வளவு வருஷமும் சாதுர்யமே இல்லாமல் இருந்த மனிதர் பேசுகிற மிகச் சாதுர்யமான பேச்சு அது.

விமான நிலையத்தில் சட்டைக்குள் மாட்டியிருந்த மைக்கைக் கழற்றிக் கொடுக்கிறார். இது எப்போதாவது ஒளிபரப்பானால் எனக்குச் சொல்லுங்கள் என்று படக்குழுவிடம் ஒரு வார்த்தை. அதற்கப்புறம்தான் பாம் ஓடி வருகிறாள். இருவரும் கட்டிக்கொள்கிறார்கள், ஏதோ பேசுகிறார்கள். மைக் இல்லாததால் நமக்கு ஒன்றும் கேட்காது. நடிகை ஜென்னா ஃபிஷர் அந்தக் காட்சியில் உண்மையிலேயே கரெலிடம்தான் விடைபெற்றதாகப் பிறகு சொல்லியிருக்கிறார். என்ன பேசினார்கள் என்பதை எழுதி வைத்திருந்தால்கூட அதைவிட நன்றாக வந்திருக்காது.

ஏழு சீசனும் கேமராவுக்காகவே வாழ்ந்த கற்பனை மனிதர் கடைசி நிமிடத்தில் மைக்கைக் கழற்றுகிறார். ஏழு ஆண்டும் ஆட்டத்தால் மட்டும் பேசிய நிஜ மனிதர் கடைசி நிமிடத்தில் மைக்கை மாட்டிக்கொள்கிறார். லெப்ரானுக்கு அப்போது 25 வயது. சுற்றி இருந்த யாராவது ஒருவர், தம்பி வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

கரெலின் நிஜக் கிளம்பல் அத்தனை அழகாக நடந்ததா என்பது வேறு கதை. தொடரில் வேலை பார்த்த சிலர், சேனல் கொஞ்சம் ஆர்வம் காட்டியிருந்தால் அவர் இன்னும் இருந்திருப்பார், யாரும் உட்கார்ந்து பேசவே இல்லை என்று பிற்பாடு சொன்னார்கள். அப்படியானால் அவர் கிளம்பினார் என்பதைவிட, யாரும் தடுக்கவில்லை என்பதே சரி. நல்ல ஆட்கள் பல இடங்களிலிருந்து இப்படித்தான் போகிறார்கள்.

மைக்கேலின் நாற்காலிக்கு முதலில் வந்தவர் வில் ஃபெரல் நடித்த டீஏஞ்சலோ. நான்கே எபிசோடு. அவர் எப்படி முடிகிறார் தெரியுமா? கூடைப்பந்தில் ஃப்ரீ த்ரோ கோட்டிலிருந்து எகிறிப் பாய்ந்து பந்தை வளையத்துக்குள் திணிக்க முடியும் என்று பீற்றிக்கொண்டு, கிடங்கில் செய்து காட்டப் போய், வளையம் கம்பத்தோடு அவர் மேலேயே சரிந்து விழுகிறது. கிளீவ்லாந்துக்காரர்கள் அந்த வசந்தத்தில் இதைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்களா என்று தெரியவில்லை. அந்த சீசனின் கடைசி எபிசோடில் வேலைக்கு நேர்காணல் என்று ஜிம் கேரி, ரே ரொமானோ, வாரன் பஃபெட் வரைக்கும் வந்து போனார்கள். எட்டாவது சீசனில் அதே ஆபீஸில் வேலை செய்யும் ஆண்டி என்ற பாத்திரத்தை மேனேஜராக்கி, மேலே ஜேம்ஸ் ஸ்பேடரை உட்கார வைத்தார்கள். ஸ்பேடர் நல்ல நடிகர், தனியாக எடுத்துப் பார்த்தால் ரசிக்கலாம். ஆண்டியின் பாடுதான் பாவம். கொஞ்சம் கொஞ்சமாக அவரை மைக்கேல் மாதிரியே நடக்க வைத்தார்கள், சட்டை சேரவில்லை. ஒன்பதாவது சீசனில் தொடரை உருவாக்கிய கிரெக் டேனியல்ஸ் திரும்ப வந்து பொறுப்பெடுத்தார். மாற்று மைக்கேலைத் தேடுவதை விட்டுவிட்டு, இத்தனை ஆண்டும் படமெடுத்தவர்கள் யார், படம் வெளிவந்தால் இவர்கள் கதி என்ன என்று கதையைத் திருப்பினார்கள். கடைசியில் மேனேஜர் நாற்காலி, முதல் நாளிலிருந்து அதற்கு ஆசைப்பட்ட டுவைட்டுக்கே கிடைத்தது.

2013 மே 16 அன்று வந்த இறுதி எபிசோடில் டுவைட்டின் திருமணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனாக மைக்கேல் வருகிறார். இரண்டே வசனம், கொஞ்ச நேரம் ஓரமாக நின்று சிரிப்பு, அவ்வளவுதான். தான் வந்து நின்றால் எல்லோர் கண்ணும் தன் மேல் வந்துவிடும் என்பது கரெலுக்குத் தெரிந்திருந்தது.

லெப்ரானும் திரும்பினார். மயாமியில் நான்கு சீசன், நான்கு முறையும் இறுதிப் போட்டி, 2012இலும் 2013இலும் கோப்பை. கில்பர்ட்டின் சபதம் அதோடு போயிற்று. 2014 ஜூலை 11 அன்று கிளீவ்லாந்துக்கே வருவதாக அறிவித்தார். இந்த முறை நாற்காலி இல்லை, நேரலை இல்லை. ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையில் தன் பெயரில் ஒரு கட்டுரை. கோப்பை வரும் என்று வாக்குக் கொடுக்கவில்லை, சொந்த ஊர் என்பதால் வருகிறேன் என்றார். ஏழு ஆட்டத் தொடரான 2016 இறுதிப் போட்டியில், வழக்கமான சீசனில் 73 ஆட்டம் ஜெயித்திருந்த கோல்டன் ஸ்டேட் அணியிடம் 3-1 என்று பின்தங்கி, அங்கிருந்து 4-3 என்று ஜெயித்தார்கள். இறுதிப் போட்டியில் அப்படி எழுந்து வந்த அணி அதுவரை இல்லை. 52 ஆண்டு வறட்சி முடிந்தது.

2018 ஜூலையில் மறுபடி கிளம்பினார், லேக்கர்ஸுக்கு. நான்கு ஆண்டு, சுமார் 15.4 கோடி டாலர். அறிவிப்பு, அவருடைய முகவர் நிறுவனம் விட்ட ஓரிரு வரி. அவ்வளவுதான். யாரும் ஜெர்சி எரிக்கவில்லை. கோப்பை கொடுத்துவிட்டுப் போகிறவர் மேல் கோபம் வராது என்று சொல்லலாம், அதுவும் ஓரளவுக்கு உண்மைதான். சொன்ன விதமும் மாறியிருந்தது.

2010 டிசம்பர் 2 அன்று மயாமி வீரராக அவர் முதன்முதலில் கிளீவ்லாந்து அரங்குக்குள் நுழைந்தபோது, பந்து அவர் கையில் படும்போதெல்லாம் கூட்டம் கூச்சலிட்டது. அவர் 38 புள்ளி எடுத்தார், மயாமி 118-90 என்று ஜெயித்தது. எட்டு ஆண்டு கழித்து, 2018 நவம்பர் 21 அன்று, லேக்கர்ஸ் சட்டையில் அதே அரங்குக்கு வந்தார். நன்றி சொல்லி ஒரு வீடியோ போட்டார்கள். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர் 32 புள்ளி எடுத்தார், லேக்கர்ஸ் 109-105 என்று ஜெயித்தது.

கேவலியர்ஸ் அந்த சீசனை முடித்தபோது கணக்கு: 19 வெற்றி, 63 தோல்வி. முதல் தடவை அவர் போனபோது வந்த அதே எண்.